முதலில் வாங்க வேண்டிய மூன்று இசைத்தட்டுகள்

இப்படி நெருங்கி வாருங்கள் கண்ணுகளா. கால் மரத்துப்போனவர்கள் நீட்டிக்கொள்ளுங்கள், எனக்கு ஒன்றும் மரியாதை குறைந்துவிடாது. ஒரு பெண் கடைக்குப் போய் மூன்று இசைத்தட்டு வாங்கி வந்த கதையை இன்றைக்குச் சொல்லப் போகிறேன். அதில் என்ன பெரிய கதை என்கிறீர்களா? இருக்கிறது. கொஞ்சம் கசக்கும். கசந்தால் என்னைத் திட்டாமல், மருந்து மாதிரி கண்ணை மூடிக்கொண்டு விழுங்கிவிடுங்கள்.

அந்தப் பெண்ணுக்கு ஐம்பத்தெட்டு வயது. அந்த வயதுக்காரியைப் போய்ப் பெண் என்கிறாளே என்று சிரிக்காதீர்கள், அவளுடைய அம்மா இன்றும் அவளைப் 'பாப்பா' என்றுதான் கூப்பிடுகிறாள். அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலை. மருந்து டப்பாவுக்குள் நாலாக எட்டாக மடித்து ஒரு காகிதம் வைத்திருப்பார்களே, நாம் பிரித்தும் பார்க்காமல் குப்பையில் போடுவோமே, அதை வரி வரியாகப் படித்துச் சரிபார்க்கிறவள் இவள். புள்ளி ஒன்று தவறினாலும் கண்டுபிடித்துவிடுவாள். அதனால் அச்சகத்தில் அவளுக்குப் 'பூதக்கண்ணாடி' என்று பெயர்.

பூதக்கண்ணாடிக்கு ஒரு முறை உண்டு. எந்தக் காகிதம் வந்தாலும் அடியில் இருக்கிற பொடி எழுத்தைத்தான் முதலில் படிப்பாள். தலைப்பு கடைசியில். "பெரிய எழுத்து ஆளை மயக்கிடும். அதைப் படிச்சிட்டா, கீழே இருக்கறதும் சரியாத்தான் இருக்கும்னு மனசு நம்பிடும்" என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் சொல்வாள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அவளுடைய அப்பா பியானோக்காரர். ஜாஸ் வாசிக்கிறவர். அதிலும் ராகம் எங்கே தொடங்கி எங்கே போகிறது என்று வாசிக்கிறவருக்கே அப்போதுதான் தெரியும் என்கிற மாதிரியான புதுக்காலத்து ஜாஸ். விஷயம் தெரிந்தவர்கள் நடுவில் அவர் பேச்சை எடுத்தால் எல்லோரும் ஒரு நிமிடம் மௌனமாகிவிடுவார்கள்.

அவளுக்குப் பதினோரு வயது இருக்கும்போது தம்பி போய்விட்டான். ஆறு வயதுப் பையன். நெஞ்சில் சளி கட்டி, மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். அப்பா அப்போது கடல் தாண்டி எங்கோ வாசிக்கப் போயிருந்தார், சேதி போய்ச் சேரவில்லை. அம்மா அப்படித்தான் சொன்னாள். எல்லாம் முடிந்த மூன்றாம் நாள் பெட்டியும் கையுமாக வாசலில் வந்து நின்றார். இவள்தான் ஓடிப்போய் அந்தப் பெட்டியை வாங்கி உள்ளே கொண்டுவந்தாள். பெரிய பெட்டி, ஆனால் கனக்கவே இல்லை. தம்பி போன மூன்று நாளில் தனக்குப் பெரியவர்களுடைய பலம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள், பாவம்.

இரண்டு வருடத்தில் அப்பா வேறொரு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார். அதற்காக அவரை அவள் மனத்துக்குள் திட்டாத நாள் இல்லை. அவர் வாசித்தது ரேடியோவில் வந்தால் எழுந்து போய் அணைத்துவிடுவாள். ஆனால் தம்பி சாகும்போது வரவில்லை என்று மட்டும் ஒருநாளும் குறை சொன்னதில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் இருந்த மனுஷர், என்ன செய்வார்? அப்பா என்று அவளுக்கு மிச்சம் இருந்ததெல்லாம் அந்த ஒரு நியாயம்தான்.

இப்படி இருக்கையில் ஒரு புதன்கிழமை அச்சகத்துக்கு போன் வந்தது. பேசியது ஒரு முதியோர் இல்லத்து நர்ஸ்.

"உங்க அப்பா எங்ககிட்டதாங்க இருக்கார். பக்கவாதம் வந்து எட்டு மாசம் ஆச்சு. இடது கை விழுந்துடுச்சு, பேச்சும் போயிடுச்சு. நாம பேசறது நல்லா புரியும். சொந்தக்காரங்க யாருன்னு கேட்டா உங்க அச்சகத்துப் பேரை எழுதிக் காட்டறார்."

"என்ன வேணும் உங்களுக்கு?"

"இந்த மாடியை மூடறோங்க. வீட்டுக்காரங்க கூட்டிட்டுப் போகலைன்னா ஊருக்கு வெளியில ஒரு பெரிய இல்லத்துக்கு மாத்திடுவாங்க. சனிக்கிழமை நீங்க வந்து கையெழுத்துப் போட்டா, உங்களோட அனுப்பி வெச்சிடுவேன்." போனை வைக்கும்முன் இன்னொன்றும் சொன்னாள். "அவர் வாசிச்ச ரெக்கார்டு ரெண்டு மூணு எடுத்துட்டு வாங்க. பிளேயர் இங்க இருக்கு. இப்படி இருக்கறவங்களுக்குத் தெரிஞ்ச சத்தம் கேட்டா முகம் தெளியும்."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னாள். அம்மாவுக்கு எண்பது வயது. ஊருக்கெல்லாம் துணி தைத்துக் கொடுத்து இவளை வளர்த்தவள், இன்னும் மெஷினை விடவில்லை.

"உன் வீடு பாப்பா, உன் இஷ்டம். தையல் அறையைக் காலி பண்ணினா ஒரு கட்டில் போடலாம்."

"உனக்குச் சம்மதமாம்மா?"

"எனக்கென்ன? எண்பது வயசுல எந்தப் புருஷன் வந்தா என்ன, எல்லாம் ஒண்ணுதான்."

சிரித்துக்கொண்டே சொன்னாள். ஆனால் நிமிர்ந்து பார்க்கவில்லை. கையிலிருந்த சட்டையில் நேராக விழுந்திருந்த தையலைப் பிரித்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் மதியம் பூதக்கண்ணாடி இசைத்தட்டுக் கடைக்குப் போனாள். சைக்கிள் கடைக்கு மேலே, மரப்படி ஏறிப் போக வேண்டும். கடைக்காரர் ஒல்லி. தலை மட்டும் கொஞ்சம் முன்னால் குனிந்திருக்கும். தட்டின் மேல் வைக்கிற ஊசி மாதிரியே இருப்பார் என்பதால் எல்லோருக்கும் அவர் 'ஊசி'. ஒவ்வொரு இசைக்காரருடைய தட்டுகளுக்கு முன்னாலும் தன் கையாலேயே எழுதி ஓர் அட்டை செருகியிருப்பார், எதை முதலில் வாங்க வேண்டும் என்று.

இவள் பியானோக்காரர் யாரென்று சொன்னாள். தனக்கு உறவு என்பதைச் சொல்லவில்லை.

"பதினோரு ஆல்பம் இருக்கும்மா. உங்களுக்கா, யாருக்காவது குடுக்கவா?"

"உடம்பு சரியில்லாத ஒருத்தருக்கு. மூணு போதும்."

"ஐயையோ, அப்ப அந்த எட்டாவது ஆல்பம் பக்கமே போயிடாதீங்க. நல்லா இருக்கறவனுக்கே காய்ச்சல் வரும்." ஒரு தட்டை உருவினார். "இது 'மூன்று நாற்காலிகள்'. பியானோ, பாஸ், ட்ரம்ஸ், அவ்வளவுதான். மூணு பேர் சாப்பிட்டுட்டு வம்பு பேசற மாதிரி இருக்கும். புதுசா வர்றவங்க இது வழியாத்தான் உள்ள வரணும். அடுத்து இது, 'வெறும் கூடம்'. தனியா வாசிச்சது. ஜன்னலைத் திறந்து வெச்சிட்டுக் கேக்கணும்."

"மூணாவது?"

அவருடைய குரல் தாழ்ந்தது. "'சின்னக் கட்டில்'. இதை முதல்ல வாங்குங்கன்னு யாருக்கும் சொல்லமாட்டேன். இது இல்லாமக் கடையை விட்டு அனுப்பவும் மாட்டேன். அவருக்கு ஒரு பையன் இருந்தானாம். ஆறு வயசுல போயிட்டான். அது நடந்து ரெண்டு வருஷம் கழிச்சு இந்த ஆல்பம் வந்துச்சு. பாதியில இடது கை நின்னுடும்மா. அப்புறம் நாலு நிமிஷம் வலது கை மட்டும்தான். பையன் போன துக்கத்துல ஒரு கை ஓடலை அந்த மனுஷனுக்கு. முப்பது வருஷமா இதை வித்துக்கிட்டிருக்கேன், இன்னிக்கும் கேட்டா கண்ணாடியைக் கழட்டித் தொடைக்கணும் நான்."

தட்டை உறையிலிருந்து எடுத்துப் பிளேயரில் வைத்தார்.

"உக்காந்து கேளுங்க. ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். இடது கை நிக்கறதுக்கு முன்னாடி டிக்குனு ஒரு சத்தம் வரும். கீறல் விழுந்த ரெக்கார்டைக் குடுத்துட்டேன்னு எத்தனையோ பேர் சண்டைக்கு வந்திருக்காங்க. கீறல் இல்லை, எல்லாக் காப்பியிலயும் அது இருக்கு."

காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மூலையிலிருந்த முக்காலியில் உட்கார்ந்து, அப்பா வீட்டை விட்டுப் போன நாற்பத்தைந்து வருடத்தில் முதன்முதலாக அவர் வாசிப்பதைக் கேட்டாள். இரண்டு கையும் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு போயின. டிக் என்றது. இடது கை நின்றது. அதற்கப்புறம் வலது கை மட்டும், தூங்குகிற பிள்ளையின் அறைக்குள் விரல் நுனியில் நடக்கிற மாதிரி, ஒவ்வொரு சுரமாக எடுத்து வைத்தது. நடுநடுவே அவர் மூச்சு விடுவதும், உட்கார்ந்திருந்த பெஞ்சு கிறீச்சிடுவதும்கூடக் கேட்டது.

அழுதுவிட்டாள். சத்தம் போட்டு அழுதாள். காதை மூடியிருந்ததால் தன் அழுகை தனக்கே கேட்கவில்லை. ஊசி பதறிப்போய் ஒரு துணியை நீட்டினார். "ரெக்கார்டு தொடைக்கற துணிதாம்மா. சுத்தமானது."

தட்டின் முன்னட்டையில் ஒரு சின்னக் கட்டில் படம். அதற்கு மேலே பெரிய எழுத்தில் 'என் மகனுக்கு' என்று போட்டிருந்தது. ஆக, அவரும் அழுதிருக்கிறார். நம் தம்பிக்காக ஒரு கை நின்று போகிற அளவுக்கு அழுதிருக்கிறார். இந்த மனிதரை ஊருக்கு வெளியே எங்கோ அனுப்புவதா? அந்த முக்காலியிலேயே முடிவு செய்துவிட்டாள், சனிக்கிழமை அப்பாவை வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுவது என்று.

பார்த்தீர்களா, அச்சகத்தில் சேர்ந்த முப்பத்தைந்து வருடத்தில் முதல் தடவையாகப் பெரிய எழுத்தை முதலில் படித்தாள். படித்து, அதோடு நின்றுவிட்டாள்.

"பழைய பதிப்பு தீர்ந்துபோச்சும்மா, இது மறுபதிப்பு" என்று உறையில் போட்டுக் கொடுத்தார் ஊசி. "பின்னாடி ஏதேதோ எழுதி ரொப்பி வெச்சிருக்காங்க. அதையெல்லாம் கண்டுக்காதீங்க. சத்தம் நல்லாயிருக்கும்."

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில், அச்சக மேசை விளக்கின் கீழே அந்தத் தட்டை ஆசையாக எடுத்து வைத்துக்கொண்டாள். இப்போது அட்டையின் பின்பக்கம் மேலே இருந்தது. அவள் கண் தன் பழக்கப்படி அடிவரிக்குப் போனது. எறும்பு மாதிரி எழுத்து. ஒலிப்பதிவு: மார்ச் பத்து, பதினொன்று, பன்னிரண்டு. வருடம். ஸ்டுடியோவின் விலாசம்: தபால் ஆபீஸ் சந்து, நாலாம் எண்.

மார்ச் பன்னிரண்டுதான் தம்பி போன நாள். வருடமும் அதே வருடம். தபால் ஆபீஸ் சந்து ஆஸ்பத்திரிக்கு நேர் பின்னால். வார்டு ஜன்னலில் இருந்து தபால் ஆபீஸ் கோபுரத்துக் கடிகாரம் தெரியும். அப்போதுதான் மணி பார்க்கக் கற்றுக்கொண்டிருந்த தம்பி, "அக்கா, பெரிய முள்ளு ஆறுல வந்தா அரையா?" என்று அதைப் பார்த்துத்தான் கேட்டான்.

உடனே அவள் கை சிவப்புப் பேனாவைத் தேடியது. தொழில் புத்தி. வருடத்தில் ஓர் எண்ணை மாற்றிப் போட்டிருப்பார்கள், தினம் பத்துத் தடவை பார்க்கிற பிழைதானே! இப்படி ஒரு பிழை இருந்துவிடக் கூடாதா என்று அவள் வேண்டிக்கொண்டது அன்றைக்கு ஒருநாள்தான்.

அரை நாள் லீவு சொல்லிவிட்டுக் கடைக்கு ஓடினாள்.

"அண்ணா, வருஷம் தப்பா அடிச்சிருக்காங்க. பாருங்க."

ஊசி மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "தப்பு இல்லம்மா. வாசிச்ச தேதி வேற, வெளியில வந்த தேதி வேற. சிலது வருஷக்கணக்கா டேப்பாவே தூங்கும்." உள்ளே போய் இன்னொரு தட்டைத் தூசி தட்டி எடுத்து வந்தார். அதே நாட்களில் வாசித்து மீந்துபோனதை வேறொரு கம்பெனி வெளியிட்டிருந்தது. அதன் பின்னட்டையிலும் அதே மூன்று தேதி, அதே வருடம், அதே சந்து. "ரெண்டு கம்பெனி, ரெண்டு அச்சகம். ஒரே பிழை ரெண்டு பேருக்கும் வராதே."

"பையன் செத்தப்புறம் வாசிச்சதுன்னு சொன்னீங்களே?"

"வந்த வருஷத்தை வெச்சு... முன்னட்டையில வேற அப்படிப் போட்டிருக்கா... எல்லாரும் அப்படித்தாம்மா சொல்லுவாங்க."

"பையன் செத்தது பன்னிரண்டாம் தேதி. சாயந்திரம் நாலரை மணி."

"அது எப்படிம்மா உங்களுக்குத் தெரியும்?"

"நான் பக்கத்துல இருந்தேன்."

ஊசிக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் பியானோக்காரர் தட்டுகளுக்கு முன்னால் செருகியிருந்த அட்டையை உருவி, எழுத்து உள்பக்கம் போகும்படி திருப்பி வைத்தார்.

வீட்டில் தையல் அறை காலியாகியிருந்தது. மெஷினைக் கூடத்தில் தள்ளிவிட்டு, கட்டில் போட்டு, ஓரம் அடித்த புது விரிப்பையும் விரித்திருந்தாள் அம்மா. மகள் அந்த விரிப்பின் மேல் இசைத்தட்டை வைத்தாள். அம்மா கண்ணாடியைத் தேடவில்லை, அது என்னவென்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"இதை எப்பம்மா பார்த்தே நீ?"

"வந்த அன்னிக்கே. கடைக் கண்ணாடியில வெச்சிருந்தாங்க. 'என் மகனுக்கு'ன்னு. நின்னு பார்த்தேன். அப்புறம் நூல் வாங்கப் போயிட்டேன்."

"அவர் இங்கேயேதான் இருந்தாரா?"

"தம்பிக்குச் சளின்னு தெரியும் அவருக்கு. மூணு நாள் வேலை, முடிச்சிட்டு வந்துடறேன்னு போனார். உன்கிட்டதான் வெளிநாடுன்னு சொன்னேன்."

"அந்தப் பெட்டி?"

"பெட்டியோட வாங்கன்னு சொன்னதும் நான்தான்."

"காலிப் பெட்டி."

"ஆமா."

"ஏம்மா?"

"ஒரே வாரத்துல தம்பியும் போய் அப்பாவும் போகணுமா உனக்கு? பதினோரு வயசு. ஒண்ணாவது மிஞ்சட்டும்னு பார்த்தேன் பாப்பா."

விரிப்பில் இல்லாத சுருக்கத்தை அம்மா நீவிக்கொண்டே இருந்தாள். பிறகு தானாகவே சொன்னாள். "அந்த ஸ்டுடியோவுக்கு மூணு தடவை போன் பண்ணினேன். வாசல்ல இருக்கறவர்தான் எடுத்தார். ரெக்கார்டிங் நடக்குது, சிவப்பு விளக்கு எரியுது, உள்ள போகக்கூடாதும்மான்னார். மூணாவது தடவை அழுதுட்டேன். புள்ள அப்பான்னு கூப்பிடறான், வேற ஒண்ணுமே பேசமாட்டேங்கறான்னேன். அந்த ஆளும் புள்ளகுட்டிக்காரர் போல. போய்ச் சொல்றேம்மான்னு வெச்சிட்டார். சொன்னாரா இல்லையா, இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது."

"நீ அவரைக் கேக்கவே இல்லையா?"

"கேட்டா தெரிஞ்சிடுமே."

அன்றைக்கு ராத்திரி முழுக்க மகள் மனத்துக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. வாசல்காரர் சொல்லாமல் விட்டிருக்கலாம். சிவப்பு விளக்கைப் பார்த்துப் பயந்திருக்கலாம். அப்படியானால் அப்பாவுக்குச் சேதி போய்ச் சேரவில்லை என்பது பாதியாவது உண்மை. கடல் இல்லை, ஒரு கதவு. போகட்டும், அவரைக் கேட்டுவிடுவோம். தெரியாது என்றால் கூட்டிக்கொண்டு வந்துவிடுவோம். இவ்வளவு குறைந்த நியாயத்துக்கு அவள் தயாராக இருந்தாள்.

சனிக்கிழமை. இல்லத்தின் இரண்டாவது மாடியில் அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. அப்பா ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் இருந்தார். இவள் ஞாபகத்தில் இருந்ததில் பாதிதான் மிச்சம். இடது கை மடியில் யாரோ வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி கிடந்தது. இவளைப் பார்த்ததும் வாய் கோணியது, கண் நிறைந்தது.

"பாருங்க, உங்க பொண்ணு வந்தாச்சு! இனி நம்மளையெல்லாம் எங்க ஞாபகம் வெச்சிருக்கப் போறீங்க!" என்றாள் நர்ஸ். "ரெக்கார்டு கொண்டு வந்தீங்களா? எதை முதல்ல போடட்டும்?"

மூன்றில் ஒன்றை எடுத்து நீட்டினாள். "இதை முதல்ல போடுங்க."

நர்ஸ் தட்டைப் பிளேயரில் ஓடவிட்டுப் போனாள். பெரியவரின் வலது கை கம்பளியின் மேல் மெதுவாக அசையத் தொடங்கியது. நாற்காலியை இழுத்து அவருக்கு நேரெதிரே உட்கார்ந்தாள்.

"அப்பா. அன்னிக்கு வாசல்காரர் உள்ள வந்து சொன்னாரா? தம்பி உங்களைக் கூப்பிடறான்னு?"

அவர் கண்ணைத் திறந்து பார்த்தார். இசைத்தட்டில் டிக் என்றது. அவர் வலது கையின் ஆள்காட்டி விரலைத் தூக்கினார்.

பொறு, என்கிற விரல்.

இடது கை நின்றது. தட்டில் வலது கை மட்டும் தனியாக வாசித்துக்கொண்டு போயிற்று.

கண்ணுகளா, பொடி எழுத்து படிக்கிறவளுக்குச் சொல்லித் தரவா வேண்டும்? அந்த டிக் என்ற சத்தம் ஒரு கதவு திறக்கிற சத்தம். கதவைத் திறந்து ஒருவர் உள்ளே வந்திருக்கிறார். அவரைப் பொறு என்று சொல்ல வாசித்துக்கொண்டிருந்த மனுஷருக்கு ஒரு கை வேண்டியிருந்தது. இடது கையை எடுத்தார், விரலைத் தூக்கினார், பாட்டு முடிகிற வரைக்கும் அதை இறக்கவே இல்லை. உலகம் முப்பது நாற்பது வருடமாகத் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தது அந்த விரலைத்தான்.

நாலு நிமிடமும் அவள் பொறுத்துக்கொண்டாள். தட்டு முடிந்து பிளேயர் கரகரத்தது.

"அந்தக் கதவுச் சத்தம் அவர்தானே?"

அவர் தலையை ஆட்டினார். ஆமாம் என்று. கண்ணீர் கன்னத்தில் கோணலாக வழிந்தது. பிறகு வலது கையைத் தூக்கிப் பிளேயரைக் காட்டினார். விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டார். இன்னொரு தடவை.

எழுந்து போய்த் தட்டை மறுபடி வைத்தாள். அதை மட்டும் அவருக்குச் செய்துவிட்டு வெளியே வந்தாள்.

நர்ஸ் காகிதத்தை நீட்டினாள். பூதக்கண்ணாடி அதை அடியிலிருந்து படித்தாள். இரண்டு கட்டம் இருந்தது: வீட்டுக்கு அழைத்துச் செல்கிறேன், வேறு இல்லத்துக்கு மாற்றச் சம்மதிக்கிறேன். இரண்டாவதில் கையெழுத்துப் போட்டாள். "ரெக்கார்டு மூணும் அவரோட போகட்டும்" என்றாள்.

வீட்டு வாசலிலேயே அம்மா நின்றுகொண்டிருந்தாள். மகளைப் பார்த்தாள், மகளுக்குப் பின்னால் தெருவைப் பார்த்தாள்.

"வரலையா?"

"அவருக்கு இன்னும் பாட்டு முடியலம்மா."

அம்மா உள்ளே போய் விரிப்பை உருவி மடித்தாள். கட்டிலை இருவருமாகப் பிரித்தார்கள். "பாப்பா, அந்தப் பக்கம் பிடி" என்று அம்மா சொல்ல, தையல் மெஷினை மறுபடி அறைக்குள் தள்ளினார்கள். நல்ல இரும்பு மெஷின். நகர்த்தி முடிப்பதற்குள் இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கிவிட்டது.

அவ்வளவுதான் செல்லங்களே. கசந்ததா? எனக்கும்தான். ஆனால் உங்களை வெறும் வாயோடு அனுப்பமாட்டேன். உங்கள் வீட்டில் ஒருவர் கூப்பிட்டால் இன்னொருவர் எழுந்து வரட்டும். கையில் இருக்கிற வேலை எத்தனை அழகானதாக இருந்தாலும் அது பாதியில் கிடக்கட்டும். வாசலுக்கு வருகிறவர்களின் பெட்டி நிஜமாகவே கனக்கட்டும். பிள்ளைகளுக்கு நீங்கள் பொய் சொல்ல வேண்டிய நாள் வராமலே போகட்டும். எல்லோரும் நன்றாக இருங்கள்.